டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் – 5: மறைத்துவைக்கப்பட்ட தெருக்கள்

சென்ற வாரத்தை 1966 பிப்ரவரி 11-ல் நிறுத்தியிருந்தோம். கேப் டவுன் நகரத்தின் ஆறாம் வட்டமான டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், இனி வெள்ளையர்களுக்கு மட்டுமே உரிய பகுதி என்று தென்னாப்பிரிக்க அரசு அறிவித்த நாள் அது. அறிவித்தவர் சமூக மேம்பாட்டுத் துறை அமைச்சர் பி.டபிள்யூ. போத்தா. பிற்காலத்தில் அந்த நாட்டின் பிரதமராகவும் குடியரசுத் தலைவராகவும் ஆனவர்.

அந்த ஒரு காகிதம் என்ன செய்தது என்பதை இந்த வாரம் பார்க்கப்போகிறோம். அதற்கு முன் ஒரு மனிதரைச் சந்தித்துவிடுவோம்.

அவர் வெள்ளைக்காரர். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை இடிக்கும் வேலைக்கு மேற்பார்வையாளர். வீடுகளைத் தரைமட்டமாக்குவது, இடிபாடுகளை லாரிகளில் ஏற்றி அனுப்புவது, இவைதான் அவருடைய அன்றாட வேலை. தெருமுனைகளில் நின்ற பெயர்ப் பலகைகளும் அந்த இடிபாடுகளோடு டேபிள் விரிகுடாவில் போய் விழுந்திருக்க வேண்டியவை. அவருக்கு இடப்பட்ட கட்டளையும் அதுதான்.

அவர் பலகைகளைக் கடலில் கொட்டவில்லை. எடுத்துப்போய் ஒளித்துவைத்தார். எழுபதுக்கும் மேற்பட்ட பலகைகள். நீலமும் வெள்ளையுமாக, ஒவ்வொன்றிலும் ஒரு தெருவின் பெயர். தெருக்கள் மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தபோது, அவற்றின் பெயர்கள் மட்டும் ஒரு வீட்டின் இருட்டில் பத்திரமாக இருந்தன.

அந்தப் பலகைகள் அங்கேயே இருக்கட்டும். அவற்றில் எழுதியிருந்த தெருக்களுக்கு ஒருமுறை போய்வருவோம்.

✽

டேபிள் மலையின் சரிவில், துறைமுகத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் அமைந்த பகுதி அது. 1867-ல் நகராட்சி தன் எல்லைகளை வட்டங்களாகப் பிரித்தபோது ஆறாவது எண் இதற்கு விழுந்தது. ஆனால் மக்கள் அதற்கு முன்பே குடியேறிவிட்டார்கள். 1834-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனாலும் ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் அதே எஜமானர்களிடம் மேலும் நான்கு ஆண்டுகள் கட்டாயமாக வேலை செய்ய வேண்டியிருந்தது. 1838-ல் உண்மையாகவே விடுதலை பெற்றவர்களுக்குத் தங்க இடம் தேவைப்பட்டது. நகரத்தின் விளிம்பில் வாடகைக்குக் கிடைத்த சிறு வீடுகளில் அவர்களில் பலர் ஒண்டினார்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸின் கதை தொடங்குவது அங்கேதான்.

அந்த அடிமைகள் யார்? தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். 1652 முதல் 1808 வரை கேப் பகுதிக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனவர்கள். வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டிக்கொண்டு ஆண்ட காலம் அது. கேப் டவுனின் பழைய ஆவணங்களில் அடிமைகளுக்குத் தகப்பன் பெயர் கிடையாது. எந்தக் கரையிலிருந்து வாங்கப்பட்டார்கள் என்பதுதான் பெயரின் பின்பாதி. ‘கோரமண்டலத்தைச் சேர்ந்த’ என்று முடியும் பெயர்கள் அந்த ஏடுகளில் இருக்கின்றன. பஞ்சத்தில் விற்கப்பட்ட, போரில் பிடிபட்ட நம் கரையோரத்து மனிதர்களின் ரத்தம் கேப் டவுனின் கலப்பின மக்களிடம் கலந்திருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அல்ல.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். கிழக்கு ஐரோப்பாவின் வன்முறைக்குத் தப்பிய யூதர்கள் கடை திறந்தார்கள். குஜராத்திகளும் கொங்கணி முஸ்லிம்களும் மளிகை வைத்தார்கள். செயின்ட் ஹெலினா தீவுக்காரர்கள், ஐரிஷ்காரர்கள், கிழக்கு கேப்பிலிருந்து துறைமுக வேலைக்கு வந்த கோசா மக்கள், இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்த அடிமைகளின் வழிவந்த முஸ்லிம்கள் என்று எல்லோரும் ஒரே தெருக்களில் வாழ்ந்தார்கள். ஹனோவர் தெருதான் கடைத்தெரு. மீன் விற்பவர்களின் கூவல், ஸ்டார் பயாஸ்கோப்பின் வாசலில் கூட்டம், ‘ஏழு படிகள்’ என்று எல்லோருக்கும் தெரிந்த கருங்கல் படிக்கட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் இளைஞர்கள். ஜனவரி 2-ம் தேதி வந்தால் போதும்: பளபளக்கும் சட்டையும் வண்ணக்குடையுமாகப் பாட்டுக்குழுக்கள் தெருவில் இறங்கிவிடும். அடிமைகளுக்கு ஆண்டில் கிடைத்த ஒரே விடுமுறை நாளின் நினைவாக வந்த விழா அது.

இங்கிருந்து தலைவர்களும் எழுந்தார்கள். 1904-ல் நகராட்சி மன்றத்துக்குள் நுழைந்த முதல் கலப்பினத்தவர் டாக்டர் அப்துல்லா அப்துரஹ்மான். 1909-ல் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் நிறவெறிச் சட்டத்துக்கு எதிராக வாதாட அவர் லண்டன் போயிருந்த அதே வேளையில், காந்தியும் இந்தியர்களுக்காக அங்கே இருந்தார். அப்துரஹ்மானின் மகள் சிஸ்ஸி கூல் 1938-ல் நகராட்சி உறுப்பினராகி, பல ஆண்டுகள் இந்த ஏழைகளுக்காகவே பேசினார். எழுத்தாளர்கள் அலெக்ஸ் லா குமா, ரிச்சர்ட் ரிவ் இருவருமே இந்தத் தெருக்களில் பிறந்தவர்கள்தான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் சொர்க்கம் அல்ல. ஓர் அறையில் ஒரு குடும்பம், பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பிடம், ஒழுகும் கூரை, தெருமுனையில் ரவுடிக் கும்பல் எல்லாம் இருந்தன. வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடுகூட மாற்றாத வீட்டுக்காரர்கள் வேறு எங்கோ வசதியாக இருந்தார்கள். நகராட்சி பல ஆண்டுகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பிறகு அரசு அந்தச் சீர்கேட்டையே காரணமாகக் காட்டியது. சேரி, குற்றங்களின் கூடாரம், வெவ்வேறு இனத்தவர் பழகினால் மோதல் வரும் என்று நியாயம் பேசியது. வீடு ஒழுகினால் ஓடு மாற்ற வேண்டும். அந்த அரசு மனிதர்களை மாற்றியது.

இதற்கு முன்னோட்டம் ஒன்றும் நடந்திருந்தது. அதை முந்தைய அத்தியாயத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டோம். விரிவாகச் சொல்ல வேண்டிய நேரம் இது. 1901-ல் கேப் டவுனில் பிளேக் பரவியது. துறைமுகத்தில் இறங்கிய எலிகள் கொண்டுவந்த நோய் அது. பழி விழுந்ததோ கறுப்பின ஆப்பிரிக்கர்கள் மேல். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் வாழ்ந்த அவர்களைக் காவலர்கள் திரட்டி ஊருக்கு வெளியே உய்ட்ஃப்ளுக்ட் என்ற இடத்துக்குத் துரத்தினார்கள். பின்னாளில் அதன் பெயர் ந்டபேனி. 1966-க்கு 65 ஆண்டுகள் முன்பே இந்த மண்ணில் முதல் வெளியேற்றம் நடந்தாயிற்று. அந்த 1901 என்ற ஆண்டை மனத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் முடிவில் அது மீண்டும் வந்து கதவைத் தட்டும்.

✽

1968-ல் வெளியேற்றம் தொடங்கியது. ஒரே நாளில் எல்லோரையும் துரத்தவில்லை. தெருத்தெருவாக, வீடுவீடாக, பதினைந்து ஆண்டுகள் போல நடந்தது. அதிகாரி வருவார், குடும்பத்தில் எத்தனை பேர் என்று எழுதிக்கொள்வார். கொஞ்ச காலம் கழித்துக் கடிதம் வரும். எந்த இனம் என்று அரசு முத்திரை குத்தியிருக்கிறதோ அதற்கேற்ற ஊர். கலப்பினத்தவருக்கு மேனன்பெர்க், போன்டஹூவல், பிறகு மிட்சல்ஸ் ப்ளெய்ன். இந்தியர்களுக்கு ரைலண்ட்ஸ். ஆப்பிரிக்கர்களுக்கு லாங்கா, குகுலெத்து. எல்லாமே ‘கேப் ஃப்ளாட்ஸ்’ எனப்படும் மணல்வெளியில். காற்று அடித்தால் வீட்டுக்குள் மணல் வரும். நடந்து வேலைக்குப் போனவர்கள் இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியதாயிற்று. ஒரு குடியிருப்புக்கு ஹனோவர் பார்க் என்று பெயர் வைத்தார்கள், இடித்த தெருவின் பெயரையே எடுத்து.

ஒரு வீட்டில் அண்ணன் ‘கலர்டு’, தம்பி ‘இந்தியன்’ என்று பதிவாகியிருந்தால் இருவரும் வெவ்வேறு ஊருக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு திசை, எதிர்வீட்டுக்காரர் இன்னொரு திசை. 1982-க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள்.

நூர் இப்ராஹிம் என்பவரின் குடும்பமும் அதில் ஒன்று. தாத்தா குஜராத்தின் சூரத்திலிருந்து வந்தவர், பாட்டி ஸ்காட்லாந்துக்காரர். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் இதைக் கேட்டு யாரும் புருவத்தைக்கூட உயர்த்த மாட்டார்கள். காலிடன் தெருவில் வீடு. நூர் பந்தயப் புறா வளர்ப்பவர். கேப் ஃப்ளாட்ஸில் உள்ள ஆத்லோனுக்குப் போகும்போது புறாக்களையும் கூட்டிக்கொண்டு போனார். புது இடம் பழக வேண்டும் என்று சில மாதங்கள் கூண்டிலேயே வைத்திருந்தார். பிறகு ஒருநாள் திறந்துவிட்டார். மாலைக்குள் திரும்பி வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட வரவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பழைய தெருப்பக்கம் வண்டியைத் திருப்பினார். வீடு இருந்த இடத்தில் வெறும் தரை. அந்தத் தரையில் அவருடைய புறாக்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. வாழ்நாள் முழுவதும் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த சம்பவம் இது. புத்தகமாகவும் எழுதினார். இந்த நூர் பின்னால் மிக முக்கியமான இடத்தில் மீண்டும் வரப்போகிறார்.

அரசின் திட்டப்படி அந்த வெற்றுத் தரையில் வெள்ளையர்களுக்கான புது நகரம் எழ வேண்டும். 1970-ல் பெயரையும் மாற்றியாயிற்று: ஸொன்னப்ளூம். மலையும் கடலும் தெரியும் நிலம், நகரத்தின் மையம். இதைவிட விலைபோகும் மனை கேப் டவுனில் வேறு எங்கே இருக்கிறது?

ஆனால் கட்ட வந்தவர்கள் யார்?

✽

விரல்விட்டு எண்ணும்படியானவர்கள்தான். நிலத்தின் ஒரு பகுதியில் வெள்ளை மாணவர்களுக்கான தொழில்நுட்பக் கல்லூரியை அரசே கட்டியது. காவலர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் சில குடியிருப்புகள் வந்தன. மற்றபடி பல பத்தாண்டுகள் அந்தச் சரிவு காலியாகவே கிடந்தது. புல் முளைத்து, உடைந்த செங்கல் சிதறி, நகரத்தின் நடுவில் ஒரு வெற்றுப் பரப்பு. அதற்கு ஒரு காரணம், அந்த நிலத்தில் கைவைப்பது பழி என்று ஊரே நினைக்கும்படி செய்த எதிர்ப்பு இயக்கம்.

வழிபாட்டு இடங்களையும் இடிக்க முடியவில்லை. தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் அந்தப் பாழ்வெளியில் தனித்தனியே நின்றன. கல்லூரி வளாகம் சுற்றி எழுந்த பிறகும் செயின்ட் மார்க்ஸ் தேவாலயம் அசையவில்லை. வெள்ளிக்கிழமைகளில் முஸ்லிம்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவர்களும் கேப் ஃப்ளாட்ஸிலிருந்து பேருந்து ஏறிப் பழைய இடத்துக்கே தொழ வந்தார்கள். வீடு போய்விட்டது, தெரு போய்விட்டது. தொழுகைக்கும் பூசைக்கும் வருவது மட்டும் நிற்கவில்லை. அருங்காட்சியகம் என்று ஒன்று எழுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊரை உயிரோடு வைத்திருந்தது இந்த வாராந்திர வருகைதான் என்பது என் எண்ணம்.

1986-ல் பன்னாட்டு எண்ணெய் நிறுவனம் ஒன்று முன்வந்தது. பெரும் பணம் போட்டு, எல்லா இனத்தவரும் வாழக்கூடிய குடியிருப்பாக இதைக் கட்டுகிறோம் என்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாடு முழுக்க நிறவெறிச் சட்டம் அப்படியே இருக்க, நிலத்தைப் பறிகொடுத்தவர்களைக் கேட்காமல், அதன்மேல் காட்சிப்பொருளாக ஒரு குடியிருப்பா? பழைய குடியிருப்பாளர்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் சமூக அமைப்புகளும் சேர்ந்து ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மீது கைவைக்காதே’ என்று இயக்கம் நடத்தினார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

1988-ல் அந்த இயக்கம் கூட்டிய மாநாட்டில் ஒரு தீர்மானம் வந்தது: டிஸ்ட்ரிக்ட் சிக்ஸுக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும். அடுத்த ஆண்டே அறக்கட்டளை அமைந்தது. நிறவெறி ஆட்சி அப்போதும் நடந்துகொண்டிருந்தது. மண்டேலா சிறையில் இருந்தார். அரசாணையோ நிதியோ இல்லாமல், துரத்தப்பட்டவர்களே எடுத்த முடிவு அது.

ஆனால் அருங்காட்சியகத்தில் வைக்க என்ன இருக்கிறது? வீடுகள் இல்லை, தெருக்கள் இல்லை. இருந்ததெல்லாம் குடும்பப் பெட்டிகளில் கிடந்த சில புகைப்படங்களும், வயதானவர்களின் நினைவும்தான்.

✽

முதலில் இடம் கிடைத்தது. பைட்டன்கான்ட் தெருவில், காலிடன் சதுக்கக் காவல் நிலையத்துக்கு அருகில், ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயம். போராட்டக் காலத்தில் அடிபட்டு ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் தந்த தேவாலயம். இடிப்பு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அதன் வெளிச்சுவரில் ஒரு கல்வெட்டைப் பதித்தார்கள்: தோலின் நிறத்துக்காக ஆயிரக்கணக்கானோர் வீடிழந்ததை இந்த வழியே போகிறவர்கள் வெட்கத்தோடு நினைக்க வேண்டும் என்ற பொருளில். பகிரங்கமாக, காவல் நிலையத்தின் பார்வையில். சபையார் பலர் கேப் ஃப்ளாட்ஸுக்குத் துரத்தப்பட்டதால் நாளடைவில் அந்தத் தேவாலயத்தில் கூட்டம் குறைந்து, எஞ்சியவர்கள் வேறொரு சபையோடு சேர்ந்துவிட்டார்கள். எந்த அநியாயம் அந்தக் கட்டடத்தைக் காலியாக்கியதோ, அதே அநியாயத்தின் சாட்சியங்களை வைக்க அது திறந்துவிடப்பட்டது.

அடுத்து, அந்த மேற்பார்வையாளர். பலகைகள் அவரிடம் இருக்கும் செய்தி அருங்காட்சியகம் அமைக்க முனைந்தவர்களுக்கு எட்டியது. எளிதில் ஆகிவிடக்கூடிய சந்திப்பு அல்ல அது. ஒரு பக்கம், வீட்டைப் பறிகொடுத்தவர்கள். மறுபக்கம், அதை இடித்தவர். இருந்தும் பேச்சு நடந்தது. பலகைகள் வெளியே வந்தன.

1994 டிசம்பர் 10. தென்னாப்பிரிக்காவின் முதல் ஜனநாயகத் தேர்தல் நடந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. உலக மனித உரிமை நாளான அன்று தேவாலயத்தின் கதவுகள் திறந்தன. கண்காட்சியின் பெயர் ‘தெருக்கள்’. உள்ளே நுழைந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கூரையிலிருந்து வரிசை வரிசையாக அந்தப் பெயர்ப் பலகைகள் தொங்கின. ஹனோவர் தெரு. டைன் தெரு. ஹார்ஸ்ட்லி தெரு. காலிடன் தெரு. இருபது ஆண்டுகளாகக் கடலடியில் கிடப்பதாக நினைத்தவை.

கீழே தரையில், பழைய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸின் பெரிய வரைபடம் தீட்டப்பட்டிருந்தது. வந்தவர்கள் அதன்மேல் நடந்தார்கள், மண்டியிட்டார்கள், தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தங்கள் பெயரை எழுதினார்கள். இங்கே எங்கள் வீடு, இங்கே தையற்கடை, இங்கே பள்ளிக்கூடம். அரசின் நில வரைபடத்தில் அழிக்கப்பட்ட ஒவ்வொரு வீட்டையும் அதில் வாழ்ந்தவர்களே இந்த வரைபடத்தில் திரும்பப் பதித்தார்கள். பக்கத்தில் ஒரு நீளத் துணி. வந்துபோனவர்கள் அதில் பெயரும் இரண்டு வரியும் எழுதினார்கள். எழுத்துகள் அழியாமல் இருக்க அவற்றின்மேல் நூலால் தைத்தார்கள். துணி நீண்டுகொண்டே போனது.

அந்தக் கண்காட்சியை இரண்டு வாரம் நடத்துவதாகத்தான் திட்டம். மக்கள் வருவது நிற்கவில்லை. எனவே கதவை மூடவும் முடியவில்லை. இன்றுவரை அது திறந்தேதான் இருக்கிறது. சுற்றிக்காட்டிக் கதை சொல்லும் பணியில் பழைய குடியிருப்பாளர்களே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் புறாக்காரர் நூர் இப்ராஹிம். தரை வரைபடத்தில் காலிடன் தெருவைக் காட்டி, புறாக்கள் எங்கே நின்றன என்று அவர் பார்வையாளர்களுக்குச் சொன்னார்.

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டியும் தொடாதே என்ற அறிவிப்பும் நம் நினைவுக்கு வரும். இது அப்படியான இடம் அல்ல. சில கட்டடங்கள் தள்ளி, யூத வணிகக் குடும்பத்தின் ஜவுளி மொத்த வியாபாரம் நடந்த ‘சாக்ஸ் ஃபூட்டரன்’ கட்டடத்தையும் இவர்கள் வாங்கினார்கள். அதுதான் இன்றைய ‘ஹோம்கமிங் சென்டர்’, வீடு திரும்புவோரின் மையம். ஊர்க்கூட்டம், நாடகம், கண்காட்சி, பாட்டு எல்லாம் அங்கே. பழைய குடியிருப்பாளர்கள் கூடிச் சமையல் குறிப்புகளைத் துணியில் எம்பிராய்டரியாகப் பின்னினார்கள். 2016-ல் அது ‘ஹைஸ் கொம்பைஸ்’ என்ற சமையல் புத்தகமாக வந்தது. ஞாயிறு காலையில் பாகில் ஊறிய, தேங்காய்த்துருவல் தூவிய கூசிஸ்டர் சாப்பிடும் பழக்கமும் அதற்கான ஏலக்காய் அளவும் அதில் பத்திரமாகிவிட்டன. 2018-ல், பெண் உடையில் ஆடிப்பாடி டிஸ்ட்ரிக்ட் சிக்ஸையே மகிழ்வித்த சிகையலங்காரக் கலைஞர் க்யூப்பியின் புகைப்படங்களை வைத்து அங்கே பெரிய கண்காட்சி நடந்தது. எல்லோரையும் ஏற்றுக்கொண்ட தெரு என்பது வெறும் பெருமைப் பேச்சு அல்ல என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி.

இந்த அருங்காட்சியகம் செய்த காரியங்களில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்றால் கலப்பின மக்களின் ஊர் என்றே வெளியில் பேச்சு. அங்கே வாழ்ந்த ஆப்பிரிக்கர்கள் நினைவிலிருந்தும் வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நொம்வுயோ ந்க்செல்வானே என்ற எழுத்தாளர் கிராஸ் தெருவில் வளர்ந்தவர்; ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணாகத் தான் அங்கே வாழ்ந்த வாழ்வை 1998-ல் புத்தகமாக எழுதினார். அருங்காட்சியகம் அவர் குடும்பம் வாழ்ந்த ஒற்றை அறையைக் கட்டிலும் மேசையும் அடுப்புமாக அப்படியே மறுபடி உருவாக்கியது. தங்கள் கதையில் விடுபட்டவர்களைத் தாங்களே தேடிப்போய்ச் சேர்த்துக்கொள்வது எல்லாச் சமூகங்களுக்கும் வருவதில்லை.

✽

இப்போது கதையின் கடினமான முடிச்சுக்கு வருகிறோம்.

1994-லேயே புதிய நாடாளுமன்றம் நில உரிமை மீட்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இனச் சட்டங்களால் நிலம் பறிகொடுத்தவர்கள் அதைத் திரும்பக் கோரலாம். கோரிக்கைக்குக் கடைசி நாள் 1998 டிசம்பர் 31. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் சொந்த வீட்டுக்காரர்கள் குறைவு, பெரும்பாலோர் வாடகைதாரர்கள். சட்டம் அவர்களுக்கும் இடம் தந்தது. ஆனால் இடிந்துபோன வீட்டில் வாடகைக்கு இருந்ததை எப்படி நிரூபிப்பது? பத்திரம் கிடையாது. ரசீது எப்போதோ தொலைந்திருக்கும். தெருவே இல்லை. அண்டை வீட்டார் யார் என்று சொல்ல அண்டை வீட்டாரையே தேடிப்பிடிக்க வேண்டும். அவர்களை மீண்டும் ஒரே கூரையின்கீழ் கூட்டிவந்த இடம் இந்தத் தேவாலயம்தான். இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் பதிவாயின.

அந்தச் சட்டத்தில் இன்னொரு தேதியும் இருந்தது: 1913 ஜூன் 19. அதற்குப் பிறகு நிலம் இழந்தவர்கள் மட்டுமே கோரலாம். நான் குறித்துவைக்கச் சொன்ன ஆண்டு நினைவிருக்கிறதா? 1901. பிளேக்கின் பெயரால் முதலில் துரத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகளுக்குக் கதவு சட்டத்தின் வாசலிலேயே அடைத்துவிட்டது. முதலில் துரத்தப்பட்டவர்கள் வரிசையில் நிற்கவே முடியாது என்பது அநீதி. நீதிக்காக எழுதிய சட்டத்தில் இருந்தாலும் அநீதி அநீதிதான்.

நிலத்தைத் திருப்பித் தருவதா, பணமாகக் கொடுத்து முடித்துவிடுவதா, நகர வளர்ச்சிக்கென்று வேறு திட்டத்துக்கு ஒதுக்குவதா என்ற இழுபறி நடந்துகொண்டிருந்தபோது, 1997-ல் நில நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று எங்கே கூடியது தெரியுமா? தொங்கும் பலகைகளுக்கும் தரை வரைபடத்துக்கும் நடுவே, அந்த அருங்காட்சியகத்துக்குள்ளேயே. வீடிழந்தவர்கள் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையால் எழுதிய பெயர்கள் அதே தரையில் இருந்தன.

அந்தப் போராட்டத்தின் விளைவாக, 2004 பிப்ரவரி 11 அன்று, அறிவிப்பு வந்து சரியாக 38 ஆண்டுகள் கழித்து, நெல்சன் மண்டேலா இரண்டு முதியவர்களின் கையில் வீட்டுச் சாவிகளைக் கொடுத்தார். ஒருவருக்கு வயது 87, மற்றவருக்கு 82. கோரியவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். அன்று கொடுக்கப்பட்ட சாவிகள் இரண்டு. எஞ்சியவர்களின் சாவிகள் எங்கே சிக்கின, 2019-ல் நீதிமன்றம் ஓர் அமைச்சரை நோக்கி ஏன் கடுமையாகப் பேச நேர்ந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)